சீர்பெற்ற மனையும் சிறார் வாக்குமூலமும்

பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்க முற்படுவோர்க்கும், பழைய மனையொன்றைப் பழுது நீக்கி நிறுத்த முற்படுவோர்க்கும் நேரும் இடர் ஏறத்தாழ ஒன்றே. ஏடு செல்லரித்த இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லை இட்டு நிரப்புவதா, அன்றிப் புள்ளியிட்டு வெறுமையாக விடுவதா என்று பதிப்பாசிரியர் தயங்குவார். சுவர் இடிந்த இடத்தில் நிற்கும் கட்டடக் கலைஞருக்கும் அதே தயக்கம் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. நூலைப் படிப்பவர் அடிக்குறிப்பைக் கண்டு, இது மூலம், இது பதிப்பாசிரியர் சேர்த்தது என்று பிரித்தறிந்து கொள்வார். மனையினுள் நடப்பவருக்கோ அடிக்குறிப்பு இல்லை. அவர் காலடியில் கிடக்கும் பலகை இருநூறு ஆண்டு பழமையதா, இருபது ஆண்டுக்கு முன் இழைத்துப் போட்டதா என்பதைப் பலகை தானே சொல்வதில்லை.

இவ்விடரை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்றதொரு மனை இங்கிலாந்திலே உள்ளது. மான்செஸ்டர் நகருக்குத் தெற்கே, செஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்டையல் என்னும் சிற்றூரில், போலின் என்ற சிற்றாற்றின் கரையில் குவாரி பேங்க் பஞ்சாலை நிற்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த சாமுவேல் கிரெக் என்பவர் 1784ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். ஆற்றுநீர் சுழற்றிய சக்கரமே ஆலைக்கு ஆற்றல் தந்தது. நீர்வளம் இருந்த அவ்விடத்தில் ஆள்வளம் இல்லை. ஆகவே 1790ஆம் ஆண்டில் ஆலைக்குச் சற்றுத் தொலைவில் ஒரு மனையைக் கட்டி, நகரங்களின் ஏழையர் விடுதிகளிலிருந்து சிறுவர் சிறுமியரைத் தருவித்துத் தங்க வைத்தார். 'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் ஒப்பந்தம் எழுதி, உணவும் உடையும் உறையுளும் கொடுத்து, பல்லாண்டுகள் வேலை வாங்கும் முறை அது. ஏழைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு 'பாரிஷ்' என்னும் வட்டார அமைப்புக்கு இருந்தது. ஒரு பிள்ளையை ஆலைக்கு அனுப்பிவிட்டால் அந்தச் செலவு அதற்குக் குறைந்தது. பிள்ளையோடு உடையும் சிறுதொகையும் கொடுத்தனுப்பிய பாரிஷ்களும் உண்டு. இம்மனையில் ஒரு சமயத்தில் ஏறத்தாழ 90 பேர் வரை தங்கினர். அவர்களுள் பெண்மக்களே மிகுதி. 1847ஆம் ஆண்டில் இம்முறை அங்கே முடிவுற்றது.

1939ஆம் ஆண்டில் கிரெக் குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் ஆலையையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் காப்பு அமைப்புக்கு வழங்கினார். 1959இல் ஆலை ஓய்ந்தது. பின்னர் அருங்காட்சியகமாயிற்று. சிறார் இல்லமும் செப்பனிடப்பட்டுப் பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டது. சமையற்கூடம், பள்ளியறை, மேல்தளத்தில் வைக்கோல் மெத்தையிட்ட கட்டில்கள், வெளியே பழைய காய்கறி வகைகளைப் பயிரிட்ட தோட்டம் ஆகியவற்றை அக்கால உடையணிந்த வழிகாட்டிகள் அழைத்துச் சென்று காட்டுகின்றனர். நாம் நேரில் சென்றதில்லை. படங்கள் வாயிலாகவும் ஏடுகள் வாயிலாகவும் கண்டவற்றைக் கொண்டே எழுதுகிறோம். ஆயின், ஒரு மனையைப் பற்றிய ஏடுகளை முதலிற் படித்துவிட்டு மனையை நோக்குவது, மனையை மட்டும் நோக்கிவிட்டுத் திரும்புவதினும் சில வகையில் மேலானது என்பது இக்கட்டுரையை முடிக்குமுன் வாசகர்க்கு விளங்கும்.

சீரமைப்பு என்பதே பொய் என்று இடித்துரைத்தவர் ஜான் ரஸ்கின். 1849ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில், இறந்தாரை எழுப்புதல் எவ்வாறு இயலாதோ அவ்வாறே பழங்கட்டடத்தை மீட்டலும் இயலாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். பிரெஞ்சு நாட்டு வியோலே-லெ-டுக் நேர்மாறாக, கட்டடம் எக்காலத்தும் பெற்றிராத முழுமையைக்கூட அதற்கு அளித்துவிடலாம் என்று கருதினார். ரஸ்கினை அடியொற்றி வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தைத் தோற்றுவித்தார். மீட்டலை விடுத்து அன்றாடம் பேணுதலே போதும் என்பது அக்கழகத்தின் கொள்கை. 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிற் கூடிய வல்லுநர்கள் ஒரு சாசனம் வகுத்தனர். ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைந்திருக்க வேண்டும், எனினும் புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பன அதன் விதிகள். சுவடிப் பதிப்பில் பழகியவர்க்கு இவ்விதிகள் புதியன அல்ல. நாம் மதிப்பிடப் போகும் அளவுகோலும் இவையே. ஆனால் கல்லுக்கும் மரத்துக்கும் வகுத்த இவ்விதிகள், மனையில் வாழ்ந்த பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்துக்கும் போதா.

முதலில் சுவரை எடுத்துக் கொள்வோம். படங்களில் அம்மனை வெண்ணிறமாய்த் திகழ்கிறது. பார்ப்பவர் உள்ளத்தில் 'எத்துணைத் தூய்மை!' என்ற எண்ணமே முதலில் எழும். நம் வீடுகளுக்கும் பெருநாளை ஒட்டிச் சுண்ணாம்பு பூசுகிறோமல்லவா? வெண்மையைக் கண்டால் மங்கலம் என்று கொள்வது நம் வழக்கம். ஆனால் பஞ்சாலை மனைகளின் வெண்மைக்கு வேறொரு வரலாறு உண்டு. மான்செஸ்டரை அடுத்த ராட்கிளிஃப் என்னும் ஊரின் பஞ்சாலையில் 1784ஆம் ஆண்டில் கடுங்காய்ச்சல் பரவியது. மருத்துவர் தாமஸ் பெர்சிவல் முதலானோர் அதனை ஆராய்ந்து, நெரிசலும் நீண்ட வேலை நேரமும் சிறார்க்குக் கேடு விளைப்பன என்று எடுத்துரைத்தனர். இத்தகைய அச்சங்களின் விளைவாகவே 1802இல் ஆலைச் சிறார் உடல்நல, ஒழுக்கச் சட்டம் பிறந்தது. அதனைக் கொண்டுவந்த மூத்த ராபர்ட் பீல் தாமே ஆலை முதலாளி. ஆலையையும் அதனைச் சார்ந்த அறைகளையும் ஆண்டுக்கு இருமுறை சுட்ட சுண்ணாம்பும் நீரும் கொண்டு பூசுக. நாளொன்றுக்கு 12 மணிக்கு மேல் சிறாரை வேலை வாங்கற்க. ஆண்களும் பெண்களும் தனித்தனி அறைகளில் உறங்குக. ஒரு கட்டிலில் இருவர்க்கு மேல் படுக்க வையற்க. முதல் நான்காண்டு எழுத்தும் எண்ணும் கற்பிக்க என அச்சட்டம் விதித்தது.

எனவே அச்சுவரின் வெண்மையில் மங்கலத்தைக் காட்டிலும் காய்ச்சலின் அச்சமே மிகுதி. சீரமைப்போர் சிமெந்தை விலக்கிச் சுண்ணாம்பையே பயன்படுத்துவது தொழில் நெறிப்படி சரி. பழைய செங்கற்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சிமெந்து அதனை அடைத்து ஈரத்தை உள்ளேயே தேக்கிவிடும். இவ்வகையில் சீரமைப்போரைக் குறை கூற இடமில்லை. ஆனால் பொருள் சரியாக இருந்தும் பொருட்பேறு மாறிவிட்டதே! அன்று அச்சத்தின் அடையாளமாயிருந்தது இன்று அழகின் அடையாளமாகக் கண்ணிற் படுகிறது. எழுத்துப் பிழையின்றி அச்சிட்டும் தொனி மாறிப்போன பதிப்பு என்று இதனைச் சொல்லலாம்.

அடுத்து உறங்கும் அறை. ஒரு கட்டிலுக்கு இருவர் என்ற சட்டத்தைக் கருணையென்று நாம் படிக்கிறோம். அதற்குமுன் பல ஆலைகளில் எவ்வாறு இருந்தது என்பதை அவ்விதியே சொல்லாமற் சொல்கிறது. சில ஆலைகளில் பகல் முறையினர் எழுந்த கட்டிலில் இரவு முறையினர் சூடு ஆறுமுன் படுத்தனர் என்பர். குவாரி பேங்கில் இரவு வேலை இல்லை என்பதனை அங்கிருந்த சிறுவன் ஒருவனே கூறியிருக்கிறான். அவனைப் பின்னர்க் காண்போம். நாமும் இளமையில் மத்ரஸா விடுதியில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்களே. விளக்கணைந்த பிறகு அத்தகைய அறைக்கு ஒரு வேறு முகம் உண்டு. இருமல், முனகல், புதிதாக வந்த பிள்ளை போர்வைக்குள் விம்முவது, மூத்த பிள்ளை அதட்டுவது ஆகிய இவையே அந்த அறையின் வாழ்வு. நமக்கோ நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு ஊர் போய் வரும் வழி இருந்தது. தாய் கொடுத்தனுப்பிய பண்டம் இருந்தது. ஏழையர் விடுதியிலிருந்து வந்த அப்பிள்ளைகளுள் பலர்க்குப் போக ஊரும் இல்லை. பகலொளியில் ஒழுங்காக விரித்துக் காட்டப்பெறும் கட்டில் வரிசை இதனை எவ்வாறு உரைக்கும்?

இவற்றினும் பெரிய குறையொன்று உளது. அது சீரமைப்போரின் பிழையன்று. மனையின் இயல்பிலேயே அமைந்தது. இம்மனை அப்பிள்ளைகளின் நாளில் மிகச் சிறிய பகுதியையே கண்டது. எஞ்சிய பொழுதெல்லாம் ஆலையிலே கழிந்தது. அறுந்த இழைகளைக் கண்டு பிணைப்பதும், ஓடும் இயந்திரத்தின் அடியிற் புகுந்து கழிவுப் பஞ்சைப் பொறுக்குவதும் சிறு விரல்களுக்கும் சிறு உடல்களுக்கும் ஏற்ற வேலைகளாகக் கருதப்பட்டன. உணவும் உறக்கமும் படிப்பும் மருந்தும் கிடைத்த இடம் இல்லம். உழைப்பும் ஊறும் நேர்ந்த இடம் ஆலை. இல்லத்தை மட்டும் சீரமைத்து, அதன் அடுப்படியிலும் தோட்டத்திலும் பார்வையாளரை உலவ விட்டால், அவ்வாழ்வின் கனிந்த பக்கத்தையே முழுமையெனக் கொண்டு அவர் திரும்புவார். குவாரி பேங்கில் ஆலையும் அருகிலேயே நிற்கிறது என்பது நல்வாய்ப்பு. அங்கே இயந்திரங்களை ஓட்டியும் காட்டுகின்றனர். காட்சிக்காகச் சில மணித்துளிகள் ஓடும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டவர், ஆலை முழுதும் நாள் முழுதும் ஓடியதைக் கற்பனையால் பெருக்கிக் கொள்ள வேண்டும்.

இனி, அச்சிறுவர்களிடம் வருவோம். 1806ஆம் ஆண்டில் தாமஸ் பிரீஸ்ட்லி என்ற 13 வயதுச் சிறுவனும், ஜோசப் செஃப்டன் என்ற 17 வயது இளைஞனும் குவாரி பேங்கிலிருந்து யாரிடமும் கூறாமல் புறப்பட்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்த லண்டன் ஹாக்னிக்குச் சென்றுவிட்டனர். தாயைக் காணும் ஏக்கமே காரணம். மிடில்செக்ஸ் நீதிபதிகள் அவர்களை விசாரித்து வாக்குமூலம் பெற்றனர். அந்த வாக்குமூலம் இன்றும் எஞ்சியிருக்கிறது. கோடையும் குளிருமின்றி எப்போதும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை வேலை; காலை உணவுக்குப் பத்து நிமிடம், அதுவும் ஆலைக்கே கொண்டுவரப்படும்; நண்பகலில் அரைமணி, வாரத்தில் இரு நாள் மட்டும் ஒரு மணி என்று செஃப்டன் கணக்குச் சொல்கிறான். உணவு வயிறு நிறையக் கிடைத்தது என்பதையும் மறைக்கவில்லை. பிரீஸ்ட்லியோ, இயந்திரச் சக்கரம் தன் இடக்கைச் சுட்டுவிரலைப் பற்றி இழுத்துத் துண்டித்ததையும், ஆலை மருத்துவர் ஹாலண்ட் மருத்துவம் செய்ததையும், ஆறு வாரத்தில் ஆறியதையும் கூறுகிறான்.

இவ்வாக்குமூலத்தை நாம் மிகவும் மதிக்கிறோம். அறிவிப்பாளரை ஆராய்ந்தே அறிவிப்பை ஏற்க வேண்டும் என்பது நாம் கற்ற கல்வியின் முதற்பாடம். தனக்கு நன்மையாயிருந்ததையும் சொல்லித் தீங்காயிருந்ததையும் சொல்பவன் சொல் நம்பத்தக்கது. ஓடிப்போன குற்றத்துக்கு விடை சொல்ல நிறுத்தப்பட்ட சிறுவர்கள், தங்களை ஆதரித்தவர்மீது பழி சுமத்தியிருந்தால் அது இயல்பே; அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நீதிபதிகளுக்கு அஞ்சியும் முதலாளிக்கு அஞ்சியும் அடக்கிச் சொல்லியிருக்கலாம் என்பதையும் நாம் கருத வேண்டும். எங்ஙனமாயினும், காலை உணவையும் நண்பகல் உணவையும் கழித்தாலும் சாதாரண நாளில் 12 மணிக்கு மேல் வேலை என்பது அவன் சொன்ன கணக்கிலேயே தெரிகிறது. சட்டம் 12 மணி என்று வரையறுத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஆகவே நம் கருத்து இது: மனையை மூலமாகவும், காகிதங்களை அதற்கு உரையாகவும் பலர் கொள்கின்றனர். அது தலைகீழ். பிள்ளைகளின் வாக்குமூலமும், அவர்கள்பேரில் எழுதிய ஒப்பந்தங்களும், மருத்துவர் பீட்டர் ஹாலண்ட் விட்டுச் சென்ற குறிப்புகளுமே மூலம். மனை அவற்றுக்கு எழுதப்பட்ட உரை; நல்லுரைதான், எனினும் உரையே. குவாரி பேங்க் ஆவணங்கள் பல மான்செஸ்டர் மத்திய நூலகத்தில் பேணப்படுகின்றன. அவற்றைத் துணைக்கொள்ளாது மனைக்குள் நுழைவோர், மூலம் பாராது உரை படிப்போரை ஒப்பர்.

மூலத்தை முன்வைத்துப் பார்த்தால் வேறோர் உண்மையும் புலனாகும். எந்த மனை நிற்கிறது, எது வீழ்ந்தது என்பதே ஒருவகைத் திரிபு. டெர்பிஷயர் மலைப்பகுதியில் லிட்டன் ஆலை என்று ஒன்று இருந்தது. ராபர்ட் பிளின்கோ என்பவர் லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ஏழையர் விடுதியிலிருந்து 1799இல் ஏறத்தாழ ஏழு வயதில் நாட்டிங்காமை அடுத்த ஆலைக்கு அனுப்பப்பட்டு, பின்னர் லிட்டனுக்கு மாற்றப்பட்டவர். அவர் வாழ்க்கையை ஜான் பிரவுன் என்ற எழுத்தாளர் எழுதினார்; 1828இல் இதழில் வெளிவந்து, 1832இல் மான்செஸ்டரில் சிறுநூலாயிற்று. அடியும் பசியும் நிறைந்த அக்கதையில், இறந்த சிறாரை ஒரே இடுகாட்டில் புதைத்தால் எண்ணிக்கை வெளிப்படும் என்று அஞ்சி, இரண்டு ஊர்களில் பிரித்துப் புதைத்ததாகவும் சொல்லப்படுகிறது. பிறர் எழுதியது என்பதால் அதிலுள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எடை போட்டே ஏற்க வேண்டும். ஆனால் பிளின்கோ 1833இல் அரசு ஆணையத்தின் முன் தாமே நின்று சாட்சி கூறினார். தம் மக்களை ஆலைக்கு அனுப்புவதினும் அவர்கள் நாடு கடத்தப்படுவதே மேல் என்னும் பொருள்பட விடையளித்தார். அந்த லிட்டன் ஆலை இன்று அடுக்குக் குடியிருப்பு. பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்கிச் செல்லத்தக்க சிறார் இல்லம் அங்கு இல்லை.

ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கிலும் இத்தகையதொரு நிலையே. அங்கே டேவிட் டேல் காலத்தில் நான்காம் ஆலைக் கட்டடத்தில் 1793ஆம் ஆண்டளவில் 275 பெற்றோரற்ற சிறார் தங்கியிருந்தனர். பின்வந்த ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குட்பட்டோரை ஆலையில் சேர்ப்பதை நிறுத்திப் பள்ளி அமைத்தார். ஆலைகள் 1968இல் மூடப்பட்டன. பல்லாண்டு உழைப்பால் ஊரே சீரமைக்கப்பட்டு 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஓவனின் பள்ளிக்கூடம் நிற்கிறது. சிறார் உறங்கிய நான்காம் ஆலை 1883இல் தீக்கிரையாயிற்று; மீண்டும் எழுப்பப்படவில்லை. எவரும் சூழ்ச்சி செய்து இவ்வாறு ஆக்கவில்லை. ஆனாலும் நல்லவர் மனை நின்று, மற்றையது மறையும்போது, நின்றதே எல்லாவற்றுக்கும் சாட்சியாகிவிடுகிறது. கிரெக்கை அக்கால முதலாளிகளுள் மேலானவர் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவதை நாம் மறுக்கவில்லை. அவர் மனைவி ஹன்னா கிரெக் பிள்ளைகளின் படிப்பிலும் நலத்திலும் ஈடுபட்டவர். எனினும் மேலானவர் மனையிலிருந்தே 1836இல் எஸ்தர் பிரைஸ் என்னும் பெண் தப்பி லிவர்பூலுக்கு ஓடினாள். திரும்பியபின் மாடியறையில் தனியே பூட்டி வைக்கப்பட்டாள். மேலானவர்க்கே கரீபியன் கடலின் டொமினிக்கா தீவில் ஹில்ஸ்பரோ என்ற தோட்டமும், அதில் உழைத்த அடிமைகளும் சொந்தமாயிருந்தனர். 2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் உடைமைகளுக்கும் அடிமை முறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் குவாரி பேங்கும் இடம்பெற்றது. அவ்வறிக்கைக்கு அந்நாட்டில் எழுந்த எதிர்ப்புக் கூச்சல் சிறிதன்று. வெண்சுவரின்மேல் கறை தெறித்துவிட்டதென அவர்கள் எண்ணினர் போலும்!

பள்ளி மாணவர்கள் அவ்வில்லத்துக்கு வந்து, ஆலைச் சிறாரின் உடையணிந்து, ஒரு பொழுது அவர்களைப் போல நடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. இதனை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. பிள்ளைகள் நடித்துக் கற்பது ஆழப் பதியும் என்பதை ஆசிரியத் தொழிலில் கண்டிருக்கிறோம். ஆனால் மாலையில் அவர்களுக்குப் பேருந்து காத்திருக்கிறது. நடிப்புக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள அந்தப் பேருந்தைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும்.

இறுதியாகப் பள்ளியறை. எழுத்துக் கற்பிக்கும் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த நமக்கு அம்மனையில் நெஞ்சைத் தொட்ட இடம் அதுவே. ஆலை முதலாளி தன் வேலைச் சிறார்க்குப் பள்ளியறை வைத்தார் என்பது பெருமையாகத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்து நாமும் முதலில் மகிழ்ந்தோம். பின்னர் செஃப்டனின் வாக்குமூலத்தைப் படித்தோம். வேலை தனக்குப் பிடித்தே இருந்தது என்கிறான் அவன். ஆனால் ஒவ்வோர் இரவும் மிகைநேரம் உழைக்க வேண்டியிருந்தது, அதுதான் பிடிக்கவில்லை. தன் புத்தகத்தைப் படிக்க விரும்பினேன் என்கிறான். பள்ளி இரவுதோறும் நடந்தது. ஆனால் ஒரு வேளைக்கு எட்டுப் பேர் வீதமே. ஞாயிறு நீங்கலாக அவனுக்கு முறை வந்தது ஏறத்தாழ வாரம் ஒரு முறை. எஞ்சிய இரவுகளில் அவ்வறையில் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. அவன் ஆலையில் இருந்தான்.